முப்பது ஜோடியும் ஒரு தனியாளும்

2019 அக்டோபர் 17, வியாழக்கிழமை காலை 10.42-க்கு, மானிடோபா மாகாணம் ஸ்வான்விக் ஊரின் மீன் பதனிடும் ஆலையில், குளிரூட்டும் குழாய்களிலிருந்து அம்மோனியா கசிவதை அறிவிக்கும் அபாயச் சங்கு ஒலித்தது. வேலைத்தளத்தில் அன்று பதிவாகியிருந்தவர்கள் அறுபத்தொரு பேர். 10.47-க்குப் பின்புற மைதானத்தில் அறுபத்தொரு பேர் எண்ணப்பட்டார்கள். 11.31-க்குத் தீயணைப்புப் படையினர் உறைபதன அறையிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் பெயர் நெஸ்டர் அபாட். அந்த அறுபத்தொரு பேரில் அவரும் ஒருவர்.

எட்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, டெல்மர் ஃப்லெட் ஆலையின் உடைமாற்றும் அறையில் நின்று தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டிருந்தான்.

"கேப்டன், இருபது வருஷம் முன்னாடின்னா இந்தத் தொப்பிக்கு வேலை இருந்திருக்கும். இப்ப எதை மூடுது இது?"

"வாய்க்கும் ஒண்ணு குடுப்பாங்க. அதையும் மாட்டிக்கோ" என்றார் வெரா மெல்னிக்.

வெராவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வின்னிபெக் தீயணைப்புப் படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்து கேப்டன் ஆனவர். முழங்கால் ஒத்துழைக்காமல் வெளியே வந்து, துப்பறியும் தொழிலில் இறங்கியிருந்தார். டெல்மர் அவரிடம் சேர்வதற்கு முன்பு உள்ளூர் வானொலியில் பழைய கார்களுக்கு விளம்பரம் வாசித்தவன். எழுதிக் கொடுத்த வரிகளுக்குப் பிறகு ஒருநாள் தானாக ஒரு பெருமூச்சு விட்டான். அது ஒலிபரப்பாகிவிட்டது. அதோடு அந்த வேலை போயிற்று.

இருவரையும் அமர்த்தியது தொழிற்சங்கம். மைதானத்தில் ஆட்களை எண்ணும் பொறுப்பு ஹில்டா தீசன் என்ற பெண்ணுடையது. "எல்லாரும் வெளியே வந்தாச்சு" என்று அவர் சொன்னதை நம்பித்தான் தீயணைப்புப் படை உள்ளே தேடாமல் இருந்தது. நெஸ்டர் நாற்பத்தொன்பது நிமிடம் அந்த வாயுவில் கிடந்தார். இப்போது வின்னிபெக் மருத்துவமனையில் சுவாசக் குழாயோடு இருக்கிறார், கண் திறக்கவில்லை. ஹில்டாவை ஆலை இடைநீக்கம் செய்துவிட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்கு மாகாணப் பாதுகாப்புத் துறையின் விசாரணை. அதில் ஹில்டாதான் குற்றவாளி என்று முடிவானால் வேலை மட்டுமல்ல, வழக்கும் வரும்.

"அவ பொய் சொல்றாளான்னும் பாருங்க" என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். தன் சங்கத்து ஆளையே சந்தேகிக்கச் சொல்லிப் பணம் கொடுப்பவரைப் பற்றி டெல்மர் அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டான்.

வேலைத்தளத்தில் நாலு டிகிரி குளிர். நீண்ட எஃகு மேசைகளின் இருபுறமும் வெள்ளை அங்கி, வெள்ளை ரப்பர் பூட்ஸ், முகமூடி, முக்காடு. எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தது போலிருந்தார்கள். தாயே வந்தாலும் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். வெராவும் டெல்மரும் நடந்துபோனபோது கத்திகள் ஒரு கணம் நின்றன, பிறகு மறுபடி ஓடின. யாரும் நிமிரவில்லை.

"நம்ம ரெண்டு பேரையும் பார்க்காத மாதிரி பார்க்கறாங்க" என்றான் டெல்மர்.

"ஒருத்தரை ஒருத்தர் பார்க்காததைக் கவனிச்சியா?"

அவன் அப்போதுதான் கவனித்தான்.

மேலாளர் ராக்னர் ஐனார்சனின் அறை நல்ல கதகதப்பாக இருந்தது. ஐம்பதை நெருங்கும் உயரமான மனிதர், மெல்லிய குரல். மாவட்டப் பத்திரிகையில் வந்த அவருடைய படம் சுவரில் இன்னும் ஏறவில்லை. மேசைமேல் சட்டத்தோடு தயாராக இருந்தது. 'இயந்திரத்தை நிறுத்தி ஊரைக் காத்தவர்' என்று அதன் கீழே போட்டிருந்தார்கள். காபியும் கொடிமுந்திரி அடுக்குக் கேக்கும் வந்தன. டெல்மர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான்.

"ஹில்டா நல்ல மனுஷி" என்றார் ராக்னர். "அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா எண்ணத் தெரியலையே மேடம். நான் என்ன பண்ண?"

"சங்கு ஊதினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இதே நாற்காலியில. முன்வாசல் வழியா ஓடி, கட்டடத்தைச் சுத்திப் போய், இயந்திர அறை வெளிச்சுவர்ல இருக்கற அவசரப் பொத்தானை அழுத்தினேன்."

"மெஷின் நின்னது 10.53-னு பதிவாகியிருக்கு."

"இருக்கும். நடுவுல ரெண்டு மூணு போன் பண்ண வேண்டியிருந்தது."

"நெஸ்டர் அங்க என்ன பண்ணிட்டிருந்தாரு?"

ராக்னர் கைகளை விரித்தார். "அதைத்தான் நானும் கேக்கறேன். அம்மோனியா குழாயைத் திறக்கணும்னா எழுத்துல அனுமதிச் சீட்டு வேணும். வேலைத்தளத்துல ஆள் இருக்கறப்ப திறக்கவே கூடாது. அவன் பாட்டுக்குத் தன் இஷ்டத்துக்குத் திறந்திருக்கான். சீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"சீட்டுப் புத்தகம்?"

"அவன் உடுப்புல இருந்திருக்கும். உடுப்பை ஆஸ்பத்திரியில வெட்டி எறிஞ்சுட்டாங்க."

வெளியே வந்ததும் வெரா முன்வாசலிலிருந்து பொத்தான் இருந்த சுவர் வரை நொண்டியபடியே நடந்தார். டெல்மர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். அதுவும் உங்க முழங்காலோட. அவர் அதுக்குப் பதினோரு நிமிஷம் எடுத்திருக்காரு. சங்கு அலறிட்டிருக்கும்போது அவ்வளவு நேரம் யாருகிட்ட போன்ல பேசியிருப்பாரு? காது கேக்காத அத்தைகிட்டயா?"

"சந்தேகத்தை ஒருத்தர் மேலேயே செலவு பண்ணாத" என்றார் வெரா. "இன்னும் நிறைய பேர் இருக்காங்க."

ஹில்டா தீசனின் வீடு ஏரிக்கரைச் சாலையில் இருந்தது. கதவைத் திறந்தவர் டெல்மரைப் பார்த்ததுமே சொன்னார்: "ஆலைக்குப் போயிட்டு நேரா வர்றீங்க போல."

"சங்கத்துலேர்ந்து சொன்னாங்களா?"

"உங்க நெத்தியே சொல்லுதே."

நடைக்கூடத்துக் கண்ணாடியில் டெல்மர் பார்த்தான். நெற்றியின் குறுக்கே, தொப்பியின் ரப்பர் அழுத்திய இடத்தில், ஒரு சிவப்புக் கோடு.

"போக அரை மணி நேரம் ஆகும்" என்றார் ஹில்டா. "எனக்குப் பதினோரு வருஷமாச்சு, இன்னும் போகல."

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. சமையலறை மேசை துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. எட்டு நாளாக வேறு வேலை இல்லை என்பது தெரிந்தது. வெரா சுற்றி வளைக்கவில்லை.

"பேர் வாசிச்சீங்களா, தலையை எண்ணினீங்களா?"

ஹில்டா மேசையை மறுபடி ஒருமுறை துடைத்தார். "ஜோடியை எண்ணினேன்."

"அப்படின்னா?"

"மேசையில எதிரெதிர ரெண்டு பேர் நிப்போம். ஒருத்தர் தோலை உரிச்சுத் தள்ளுவாங்க, எதிர்ல இருக்கறவங்க முள் எடுப்பாங்க. வருஷக்கணக்கா அதே ஜோடிதான். சங்கு ஊதினா ஜோடியோட சட்டைக் கையைப் பிடிச்சுட்டே வெளிய வரணும். மைதானத்துலயும் ஜோடியாத்தான் நிப்போம். ஜோடி இல்லாம ஒருத்தர் நின்னா அடுத்த நிமிஷமே கண்ணுல பட்டுடும். இதுவரைக்கும் தப்பினதே இல்ல."

"அறுபத்தொண்ணு ஒத்தைப்படை ஆச்சே" என்றான் டெல்மர்.

"நெஸ்டர் மெக்கானிக். அவனுக்கு ஜோடி கிடையாது. எப்பவும் வரிசைக் கடைசியில தனியா நிப்பான். முப்பது ஜோடி, ஒரு நெஸ்டர். ஒவ்வொரு ஒத்திகையிலயும் அப்படித்தான் சொல்லி முடிப்பேன். சிரிப்பாங்க."

"அன்னிக்கு?"

"பனியும் மழையும் சேர்ந்து மூஞ்சில அடிச்சுது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு நின்னாங்க. எண்ணினேன். முப்பது ஜோடி. கடைசியில ஒருத்தன் தனியா நின்னான்." அவர் குரல் உடையவில்லை, தட்டையாக வந்தது. "நின்னான் மேடம். நான் இல்லாததைச் சொல்லல. அவனை நேரா விரல் நீட்டி 'நெஸ்டர்'னு சொன்னேன். அவன் தலையாட்டினான்."

வெரா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு யாராவது லீவா? ஜோடி மாறி நின்னாங்களா?"

"யாரும் லீவு இல்ல. அறுபது பேரும் அவங்கவங்க ஜோடியோட நின்னாங்க. இதைப் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்கிட்டயும் சொன்னேன். அந்தம்மா ஒரு சின்னச் சிரிப்பு சிரிச்சாங்க. நான் தப்பிக்கப் பேயைக் கூட்டிட்டு வர்றேன்னு நெனச்சிருப்பாங்க."

"நெஸ்டர் சீட்டு எழுதாம வேலை செய்யற ஆளா?"

"சீட்டு இல்லாம ஒரு திருகாணியக்கூடத் தொட மாட்டான். என்ன வேலை, எத்தனை மணி, யார் யாருன்னு எல்லாம் எழுதுவான். வெள்ளைத் தாள் புத்தகத்துலயே இருக்கும், அடியில இருக்கற மஞ்சத் தாள் நகலைக் கிழிச்சு, வேலை நடக்கற அறைக் கதவுல ஒட்டுவான்."

"சீட்டே இல்லைன்னு மேலாளர் சொல்றாரு."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல."

காரில் ஏறியதும் டெல்மர் கேட்டான்: "நம்புறீங்களா?"

"பொய் சொல்ற ஆளு இதைவிட நல்லதா ஒரு பொய் சொல்லியிருப்பா" என்றார் வெரா. "பனியில கண்ணு தெரியல, எண்ணிக்கை தப்பிடுச்சுன்னு சொல்லியிருந்தா பாதிப் பேர் மன்னிச்சிருப்பாங்க. இவ சொல்றது யாரும் நம்பாத ஒண்ணு. தலையாட்டினது யாருன்னு தேடு. மத்ததெல்லாம் அப்புறம்."

மதியம் பன்னிரண்டு மணி இடைவேளையில் மாரிவிக் என்ற பெண் அவர்கள் காரின் பின் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். அன்று வரிசையின் கடைசி ஜோடியில் நின்றவள். சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாளே தவிர திறக்கவில்லை. வேலை அனுமதியில் வந்தவள். அதைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவர் ராக்னர்.

"நான் இங்க வந்தது யாருக்கும் தெரியக் கூடாது."

"இவன் வாய் பெரிசு, ஆனா உள்ளே போனது வெளிய வராது" என்றார் வெரா.

"சாப்பாட்டைப் பத்திச் சொல்றாங்க" என்றான் டெல்மர். அவள் கொஞ்சம் சிரித்தாள்.

"உன் பக்கத்துல தனியா நின்னது நெஸ்டரா?"

"நெஸ்டர்னுதான் நெனச்சேன். அந்த இடம் அவரோடது. நான் திரும்பிக்கூடப் பார்க்கல. ஹில்டா அக்காவும் அவர் பேரைச் சொன்னாங்க." அவள் நிறுத்தினாள். "ஆனா நடுங்கிட்டிருந்தார்."

"பயத்துல எல்லாரும்தானே நடுங்கியிருப்பீங்க?"

"இல்லைங்க. இது குளிர். பல்லு அடிச்சுக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. எங்களுக்குக் குளிரவே இல்ல. அங்கிக்குள்ள ரெண்டு ஸ்வெட்டர், கம்பளி பனியன் போட்டிருப்போம். உள்ளயும் அதே குளிர்தானே. நெஸ்டர் உறைபதன அறைக்குள்ளயே தொப்பி இல்லாம பாடிட்டு இருப்பார். அவரா நடுங்கறார்னு தோணுச்சு. அப்புறம் திரும்பினப்ப அந்த ஆள் இல்ல."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

மாரிவிக் சோற்று டப்பாவின் மூடியை ஒருமுறை திறந்து மூடினாள். "எல்லாரும் எங்களத்தான் பார்க்கறாங்க. நம்மள்ல யாரோ நெஸ்டருக்குப் பதிலா நின்னதா உள்ள பேச்சு. நாங்களே ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் பார்க்கறோம். நான் வாயைத் திறந்தா, பக்கத்துல நின்ன உனக்குத் தெரியாதான்னு கேப்பாங்க."

அவள் போன பிறகு டெல்மர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"குளிர்ல வேலை செய்யறவங்க அறுபது பேருக்குக் குளிரல. ஒருத்தனுக்கு மட்டும் பல்லு அடிச்சுக்குது. அப்ப அவன் உள்ள ஸ்வெட்டர் போடல. அங்கிய அவசரமா மேல மாட்டிக்கிட்டு வந்தவன். வெளியாள் கேப்டன்! பார்வையாளர் அங்கி பத்துப் பன்னிரண்டு வாசல்லயே தொங்குது. எவனோ மாட்டிக்கிட்டு உள்ள போயிருக்கான், குழாயைத் திறந்துவிட்டிருக்கான்…"

"முன்வாசல் வழியா வராம அந்த அங்கிகிட்ட போக முடியாது. முன்வாசல் வரவேற்பு மேசையில பெவர்லின்னு ஒரு பொண்ணு இருக்கா. வெளியாள் யாரும் அன்னிக்கு வரலைன்னு பதிவேட்டுல இருக்கு."

"அப்ப கதகதப்பா உட்கார்ந்து வேலை பார்க்கற ஆள்."

"அலுவலகத்துல எத்தனை பேர்?"

"அஞ்சு" என்றான் டெல்மர். சொல்லிவிட்டு மேலாளர் அறை இருந்த பக்கம் பார்த்தான்.

வரவேற்பு மேசையில் இருந்த பெவர்லி, கொடிக்கம்பத்தடியில் அலுவலக ஆட்களைக் கூட்டும் பொறுப்பும் வகித்தவள். அலுவலகத்துக்குக் கூடுமிடம் முன்புல்வெளி, தொழிலாளர்களுக்குப் பின்மைதானம். நடுவில் முழுக் கட்டடமும் இருந்தது. அவள் தன் பட்டியலை எடுத்துப் பெருமையோடு நீட்டினாள்.

"நான் பேர் வாசிச்சுத்தான் குறிப்பேன். ஹில்டா மாதிரி இல்ல. பாருங்க, நாலு பேர் 10.46."

"அஞ்சாவது?"

"ராக்னர் சார். 10.57. பொத்தானை அழுத்தப் போனாரே."

"அவர் அறையிலேர்ந்து ஓடினதை நீங்க பார்த்தீங்களா?"

"சங்கு ஊதினதும் நான் பதிவேட்டைத் தூக்கிட்டு முதல்ல ஓடினேன். அதானே விதி. அவர் பின்னாடியே வந்திருப்பார்."

"வந்தப்ப எப்படி இருந்தார்?"

"பாவம், வெறும் சட்டையோட. அந்த மழையில கட்டடத்தைச் சுத்தி ஓடியிருக்கார். ஆனா…" அவள் தயங்கினாள். "எங்கேயோ இடிச்சுக்கிட்டார் போல. நெத்தியில குறுக்கால சிவப்பா ஒரு கோடு. மருந்து போடட்டுமான்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டார்."

டெல்மரின் கை தானாகத் தன் நெற்றிக்குப் போனது. கோடு போய் வெகு நேரமாகியிருந்தது.

வாசலைத் தாண்டியதும் அவன் மூச்சை விட்டான். "முடிஞ்சுது. அந்த ஆளுதான் உள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டது. நெஸ்டரைக் கொல்லப் பார்த்திருக்கான்."

"தன் ஆலையில தானே வாயுவைத் திறந்துவிட்டு, தானே பொத்தானை அழுத்துவானா? நெத்திக் கோடு எட்டு நாள் முன்னாடியே அழிஞ்சுது டெல்மர். பல்லு அடிச்சதுக்கு ரசீது கிடையாது. திங்கட்கிழமை இதை வெச்சு என்ன பண்ணுவ? 'போன் பேசினேன், தலையை இடிச்சுக்கிட்டேன்'னு ரெண்டே வாக்கியத்துல முடிச்சிடுவாரு. ஹில்டா மாட்டிக்குவா."

"அப்ப?"

"அந்த மஞ்சத் தாள். ஹில்டா பொய் சொல்லலைன்னா நெஸ்டர் எழுதியிருக்கான். எழுதியிருந்தா கதவுல ஒட்டியிருக்கான். ஒட்டியிருந்தா இப்ப எங்க?"

"ராக்னர் கிழிச்சிருப்பாரு."

"எப்ப? கசிஞ்ச நிமிஷமே அந்தக் கதவுகிட்ட வாயு, யாரும் நெருங்க முடியாது. அதுக்கப்புறம் போலீஸ் தடுப்பு நாடா கட்டிட்டாங்க. அந்தக் கதவை முதல்ல தொட்டது யாரு?"

தீயணைப்பு நிலையம் நாலு தெரு தள்ளி இருந்தது. தன்னார்வப் படை, தலைவர் டெனிஸ் லவாலி மற்ற நாட்களில் படகு இயந்திரம் பழுது பார்ப்பவர். வெரா பழைய கேப்டன் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். பிறகு எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"பத்து ஐம்பத்தொன்பதுக்கு வந்தோம். அந்தம்மா எல்லாரும் வெளியேன்னாங்க. உள்ள ஆள் இல்லைன்னா நாங்க அவசரப்பட மாட்டோம். காத்து எந்தப் பக்கம்னு பார்த்து, முழுக் கவசம் போட்டு, வால்வை மூடப் போனோம். 11.24-க்கு நான்தான் முதல்ல நுழைஞ்சேன். கால்ல ஆள் தட்டுச்சு." அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "உள்ள ஒருத்தன் இருக்கான்னு மட்டும் யாராவது சொல்லியிருந்தா மூச்சுக் கருவியோட அப்பவே போயிருப்பேன்."

"உறைபதனக் கதவுல தாள் ஏதாவது ஒட்டியிருந்துதா?"

"என் கையே எனக்குத் தெரியல கேப்டன். வெள்ளையா புகை."

"தெரிஞ்சுதான்னு கேக்கல. கதவைத் தடவினப்ப கைக்கு ஏதாவது பட்டா என்ன பண்ணுவீங்க?"

லவாலி யோசிக்காமல் பதில் சொன்னார். "கிழிச்சுப் பாக்கெட்ல போடுவேன். கதவுல ஒட்டியிருக்கற தாள்ல உள்ள யாருன்னு இருக்கும். அது…" அவர் நிறுத்தினார்.

"இடது பாக்கெட்" என்றார் வெரா. "நானும் இருபத்திரண்டு வருஷம் அதையேதான் பண்ணினேன். அந்தக் கவசம் எங்க?"

"அம்மோனியா குடிச்ச துணி. அங்கேயே பையில போட்டுக் கட்டிட்டோம். சலவைக்கு வின்னிபெக் போகணும், அடுத்த செவ்வாய்தான் முறை. பின்னாடி கொட்டகையில கிடக்கு. யாரும் பிரிக்கல. பிரிச்சா கண்ணு போயிடும்."

டெல்மர் கதவை நோக்கிப் போனான். வெரா அவன் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"நாம தொடக் கூடாது. ஆய்வாளரைக் கூப்பிடு. அவங்க கண்ணு முன்னாடி பிரிக்கட்டும்."

"பேயைக் கண்டுபிடிச்சுட்டோம்னு சொல்லட்டுமா?"

"வாயை மூடிட்டு நம்பரை அழுத்து."

மாகாண ஆய்வாளர் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. ஹில்டா சொன்ன அந்தச் சின்னச் சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் இருந்தது. பையைக் கொட்டகைக்கு வெளியே திறந்தவெளியில் வைத்தார்கள். எல்லாரையும் காற்று முதுகில் படும் பக்கமாக வெரா நகர்த்தி நிற்கவைத்தார். லவாலி முகக்கவசம் மாட்டிக்கொண்டு, பையைக் கட்டியிருந்த கயிற்றை வெட்டினார். வாடை அப்படியும் வந்து கண்ணைக் கரித்தது. அவர் கவசத்தின் இடது பாக்கெட்டுக்குள் கையை விட்டார். ஒரு கையுறை வந்தது. கதவுக்கு முட்டுக் கொடுக்கும் மரத்துண்டு ஒன்று வந்தது. பிறகு, நாலாக மடங்கிச் சுருங்கிய மஞ்சள் தாள் ஒன்று வந்தது.

அழுத்தி எழுதும் பழக்கமுள்ளவர் நெஸ்டர். கார்பன் தாளின் வழியே நகலில் விழுந்த எழுத்து ஊதாவாக, முழுதாக இருந்தது. ஆய்வாளர் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு உரக்க வாசித்தார்.

"அக்டோபர் 17. உறைபதன அறை. மூன்றாம் வால்வு மாற்றம். தொடக்கம் 10.15. வேலை செய்பவர், என். அபாட்." அவர் நிறுத்தினார். சிரிப்பு போயிருந்தது. "கதவுக் காவல், ஆர். ஐனார்சன்."

இரண்டு பெயர்களுக்கும் எதிரே இரண்டு கையெழுத்துகள்.

"கதவுக் காவல்னா?" என்றான் டெல்மர்.

"அம்மோனியா குழாயை யாரும் தனியாத் திறக்கக் கூடாது" என்றார் வெரா. "இன்னொருத்தர் கதவுகிட்ட நிக்கணும். வேலை செய்யறவன் மேல வெச்ச கண்ணை எடுக்கக் கூடாது. ஏதாவது ஆனா அவனை வெளிய கொண்டு வர்றதும், உள்ள இருக்கான்னு கத்தறதும் அவர் வேலை. அது ஒண்ணுதான் வேலை."

டெல்மர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கொலை செய்ய உள்ளே போனவனைத் தேடிக்கொண்டு வந்திருந்தான் அவன்.

"அன்னிக்கு நெஸ்டருக்கும் ஒரு ஜோடி இருந்திருக்கான்" என்றான். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

நாலு மணிக்கு அவர்கள் ராக்னரின் அறைக்குப் போனபோது ஆய்வாளரும் கூட இருந்தார். ராக்னர் புன்னகையோடு எழுந்தார். உறைக்குள் இருந்த மஞ்சள் தாளைப் பார்த்ததும் உட்கார இடம் தேடினார். நாற்காலி பின்னாலேயே இருந்தும் கையால் தடவிப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு மத்தியானம் மீன் வாங்கற கம்பெனிக்காரங்க பார்வையிட வர்றதா இருந்தது" என்றார். "வால்வு கசிஞ்சு வாடை வந்துட்டே இருந்தது. ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்னு நெஸ்டர் சொன்னான். இன்னிக்கே பண்ணுன்னேன். காவலுக்கு ஆள் இல்லைன்னான். நானே நிக்கறேன்னேன். அவன் எழுதிக் குடுத்தான், கையெழுத்துப் போட்டேன்."

"அப்புறம்?" என்றார் ஆய்வாளர்.

"வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். கண்ணு தெரியல. ஓடினேன். எல்லாரும் ஓடிட்டிருந்த பக்கமே ஓடினேன். அவன் பின்னாடியே வர்றான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"நம்பறேன்" என்றார் வெரா. "வரலைன்னு எப்போ தெரிஞ்சுது?"

ராக்னர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கிருந்து பின்மைதானம் தெரியாது.

"ஹில்டா என்னை விரல் நீட்டி 'நெஸ்டர்'னு சொன்னப்போ."

டெல்மர் கையிலிருந்த குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்தினான்.

"அப்ப வாயைத் திறந்திருக்கலாமே?"

"நான் அங்க என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேட்டிருப்பாங்க" என்றார் ராக்னர். "ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் சொல்ல முடியல."

"நெஸ்டர்னு சொன்னப்ப தலையாட்டினீங்களே?" என்றார் வெரா.

ஆய்வாளர் தன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அக்டோபர் 28, திங்கட்கிழமை நடந்த விசாரணை இருபது நிமிடத்தில் முடிந்தது. ஹில்டா தீசன் மீதான இடைநீக்கம் ரத்தானது. ராக்னர் ஐனார்சன் மீது மாகாணப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நான்கு குற்றச்சாட்டுகளும், காவல்துறையின் வழக்கு ஒன்றும் பதிவாயின. நெஸ்டர் அபாட் நவம்பர் 2-ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். ஹில்டா நவம்பர் 11-ஆம் தேதி வேலைக்குத் திரும்பினார். எண்ணும் பொறுப்பை அவர் மறுபடி ஏற்கவில்லை.